கியர் வரிசை

‘2’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கை முக்கால்வாசி வெளியே இழுத்த நிலையில் அவள் கை நின்றது. விடிந்ததிலிருந்து இரண்டு நொடிக்கு ஒருமுறை கத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சேமிப்புப் பெட்டி சட்டென்று வாயை மூடியிருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த அப்பாடா முடிவதற்குள் பெட்டி ஒரே நீளமாகக் கத்தத் தொடங்கியது. போனில் அதுவரை மஞ்சளாக இருந்த கட்டம் சிவப்பானது. ‘டிஸ்க் தொகுப்பு செயலிழந்தது.’

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

இவ்வளவு கஷ்டமான வேலையே இல்லை இது. இரண்டாவது டிஸ்க் பழுது, மாற்றவும் என்று காலை ஐந்தே முக்காலுக்குப் பெட்டியே அவளுக்கு மெயில் அனுப்பியிருந்தது. பழுதானதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால், மீதி மூன்றும் சேர்ந்து அதை நிரப்பிக்கொள்ளும். பெட்டியை நிறுத்தக்கூட வேண்டாம். ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்ப்பவள் அவள். இதைக் குறைந்தது முப்பது தடவை செய்திருப்பாள். அதுவுமில்லாமல், காலையில் வந்த நர்ஸ் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தாண்டாது, மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். சாகக் கிடப்பவர் இருக்கும் வீட்டில், கட்டிலருகே உட்காரப் பயப்படுகிறவர்களுக்கு எப்படியோ ஓர் அவசர வேலை கிடைத்துவிடுகிறது. அவளுக்கு இது கிடைத்தது.

பெட்டி மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. குக்கர் வந்த அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு டிஸ்க்குகள். குடும்பப் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், தம்பியின் கல்யாண வீடியோ எல்லாம் அதற்குள் கிடந்தன. அவை போனால் நாலு நாள் அழுதுவிட்டு விட்டுவிடலாம். அப்பாவின் குரலும் அதற்குள்தான் இருந்தது.

அப்பா கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். முப்பத்தொரு வருஷம். கடைத்தெருவில் பாதிப் பேர் அவரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இண்டிகேட்டர் போட மறந்துவிட்டு முழிப்பார்கள். நான்கு வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி என்று சொல்லி, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் மகள் அவரை உட்காரவைத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பதிவுசெய்தாள்.

வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு சத்தம். கடைசியில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திவைத்த காரைவிட அமைதியான அறை வேறில்லை என்று அப்பாதான் கண்டுபிடித்தார். அவர் டிரைவிங் பள்ளியில் ஓட்டிய அதே கார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டின் கீழும் ஒரு பிரேக் இருக்கும். மகள் ஸ்டியரிங் முன்னால் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார, அப்பா தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். ஓடாத வண்டியில் எதற்கு பெல்ட் என்று அவள் கேட்டாள். அது இல்லாமல் இந்தச் சீட்டில் தனக்குப் பேச வராது என்றார். பல வாக்கியங்களின் தொடக்கத்தில் அந்த ‘டக்’ அப்படியே விழுந்துவிட்டது. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அந்த வண்டியில் என்றைக்கும் முன்னால் உட்கார்ந்ததில்லை. தெரியாமல் அந்த இன்னொரு பிரேக்கை மிதித்துத் தொலைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்பாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பேசியது ஒரு பழைய டேப்லெட் வழியாக. அது மெலிந்த ஜீவன், எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. பெட்டியிலிருந்து பக்கத்தை வாங்கிக் காட்டும். ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம். கட்டத்தை அமுக்கினால் அப்பாவின் குரல் வரும். ‘தண்ணி வேணும்.’ ‘வலிக்குது.’ ‘வாங்க, சாப்டாச்சா?’ அம்மாவோடு சண்டை முற்றும்போது, ‘நீ சொன்னா சரிதான்’ என்பதை அமுக்குவார். நான்கு வருஷமாக அதே ராகத்தில் அந்த ஒரே பதில். வேறு மாதிரித் திட்டவாவது ஒன்று பதிந்து வைத்திருக்கக் கூடாதா என்று அம்மா மகளிடம் புகார் சொல்லியிருக்கிறாள்.

ஆபரேஷனுக்கு முன், பெட்டியைக் கொண்டுவந்து வைத்த அன்று அப்பா கேட்ட கேள்வி அவளுக்கு இப்போது காதிலேயே நின்றது. ஒரு டிஸ்க் போனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும் என்று அவள் பெருமையாக விளக்கியபோது, இரண்டு போனால் என்று கேட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் போகாது என்றாள். நாலு டயரும் ஒன்றாகப் பஞ்சர் ஆகாது என்கிறாய், ஆனாலும் ஒரு ஸ்டெப்னி வாங்கி வை என்றார். வாங்கிவைத்தாள். அந்தப் புதிய டிஸ்க்தான் இப்போது அவள் மடியில் இருந்தது. வேறொரு இடத்தில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பதை மட்டும் வருகிற ஞாயிறு, வருகிற ஞாயிறு என்று நான்கு வருஷம் தள்ளினாள். கல்லூரியில் நகல் எடுக்காதவர்களை நிற்கவைத்துத் திட்டுவாள். ஊருக்குத்தான் உபதேசம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இன்னும் ஒரு நாள் அந்தக் கத்தலைப் பொறுத்துக்கொண்டிருந்தால் பெட்டி மூன்று டிஸ்க்கில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அப்பா பேசிக்கொண்டே இருந்திருப்பார்.

அவள் புதிய டிஸ்க்கை அந்த ஓட்டைக்குள் செருகினாள். கத்தல் நின்றது. போனில் ஒரு கேள்வி வந்தது. ‘புதிய தொகுப்பை உருவாக்கவா? எல்லாத் தகவல்களும் அழிக்கப்படும்.’ ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். படித்தது மண்டையில் ஏறாமலேயே அவள் கட்டைவிரல் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏய், இங்க வா. அப்பா அமுக்கிட்டே இருக்காரு, ஒண்ணும் வரல.”

அம்மாவின் குரல். கட்டைவிரல் அப்படியே நின்றது. அவள் போனைச் செருப்புகளின் மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

டேப்லெட்டில் வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் வலதுகை ஆள்காட்டி விரல் திரையின் வலது ஓரத்துக் கீழ்மூலையைத் தட்டிக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமாக ஆகிவிட்ட விரல். மற்ற எல்லாம் சோர்ந்துவிட்டது, அந்த ஒரு விரலுக்கு மட்டும் இன்னும் வேலை இருந்தது. நர்ஸ் அவர் கழுத்துத் துளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு அந்தத் துளை வழியாகத்தான், வருவதும் போவதும் தேங்காய் துருவுகிற மாதிரிச் சத்தத்தோடு.

அம்மா குனிந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். தண்ணியா? வலியா? புரட்டிவிட வேண்டுமா? பையனா, அவன் வண்டி ஏறிவிட்டான், நாலு மணிக்கு வந்துவிடுவான். ஆம் என்றால் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பது அவர்கள் பழக்கம். அப்பா எதற்கும் மூடவில்லை. மகளைப் பார்த்தார். திரும்பவும் அதே மூலையைத் தட்டினார்.

அந்த மூலையில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதல் பக்கத்தில் அங்கே இருப்பது ‘அடுத்த பக்கம்’. ஆகவே அவருக்கு வேண்டியது தண்ணீரோ வலியோ இல்லை. அதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கப்பால் உள்ள எதையோ சொல்ல விரும்புகிறார். அப்பால் முந்நூறு வாக்கியம் இருந்தது.

“என்னாச்சுடி?”

“ஒண்ணுமில்லம்மா. அஞ்சு நிமிஷம்.”

படிக்குக் கீழே திரும்பிவந்து உட்கார்ந்தாள். கேபிள் அண்ணனுக்குப் போன் செய்தாள். கல்லூரியில் கேபிள் இழுக்க வந்து, இருபது வருஷத்தில் எல்லா சர்வருக்கும் வைத்தியர் ஆகிவிட்டவர். பட்டம் எதுவும் கிடையாது, ஆனால் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவள் சொல்லச்சொல்ல அவர் ம், ம் என்று மட்டும் கேட்டார். பிறகு, உருவிய டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் கடைசி நாலு எண்ணைப் படிக்கச் சொன்னார்.

“தொண்ணூறு இருபத்தாறு.”

“காலைல வந்த மெயில்ல பழுதானதுக்கு என்ன நம்பர் போட்டிருக்கு?”

அவள் மெயிலைத் திறந்தாள். நாற்பத்துநான்கு எழுபத்தொன்று.

வாய்விட்டுப் படிக்க அவளால் முடியவில்லை. அவருக்கும் அதைக் கேட்கத் தேவைப்படவில்லை.

“நல்லா இருந்தத உருவிட்டேன்ணா.”

“சரி. அழுவாத. அதுக்கப்புறம் என்ன பண்ணுன?”

“புதுசப் போட்டேன். புதுசா உருவாக்கவான்னு கேட்டுச்சு.”

“அமுக்குனியா?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. அமுக்கல தானே?”

“அமுக்கலண்ணா. அம்மா கூப்ட்டாங்க.”

“அப்ப உயிர் இருக்கு,” என்றார் கேபிள் அண்ணன். “பெட்டிய முறையா நிறுத்து. புதுசக் கழட்டு. பழசக் கொண்டுபோய் அதே இடத்துல வை. வேற இடத்துல வச்சிடாத.”

நிறுத்தினாள். காற்றாடி ஓய்ந்தபிறகு அந்த அலமாரிக்குள் பழைய செருப்புத் தோலின் வாடை மட்டும் இருந்தது. பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்தவள் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். ‘2’. இரண்டாவது டிஸ்க் என்றுதானே மெயிலும் சொன்னது? இரண்டைத்தானே உருவினாள்? இந்தப் பெட்டிக்கு எண் வரிசை மேல்வரிசையில் இடமிருந்து வலம், அப்புறம் கீழ்வரிசை. அப்படியென்றால் இரண்டு என்பது மேலே வலப்பக்கம். அங்கே ‘3’ என்று ஒட்டியிருந்தது. ‘2’ ஒட்டியிருந்தது கீழே இடப்பக்கம்.

யார் இப்படி ஒட்டினார்கள்?

அப்பாதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வாரம், கழுத்தில் கட்டோடு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, நானும் ஏதாவது செய்கிறேன் என்று சைகை காட்டினார். அவள் ஸ்டிக்கர் தாளைக் கொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, வரிசையாக ஒட்டுங்கள் என்றாள். ஒட்டிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளும் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் உறுத்தவில்லை.

இப்போது அவள் இடதுகை தானாகவே அசைந்தது. இடப்பக்கம் மேலே, ஒன்று. அப்படியே கீழே, இரண்டு. வலப்பக்கம் தள்ளி மேலே, மூன்று. கீழே, நாலு. முப்பத்தொரு வருஷம் பக்கத்துச் சீட்டிலிருந்து, கண்ணை ரோட்டிலேயே வைத்து, கைக்குத் தெரியட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் ஊருக்கே சொல்லிக்கொடுத்த வரிசை. அவருக்கு நாலு இடம் என்றால் அது கியர்தான். பேச முடிந்திருந்தால் ஒட்டும்போதே சொல்லியிருப்பார், அவளும் சிரித்துக்கொண்டே மாற்றியிருப்பாள். அவளுக்கும் உறுத்தாததற்குக் காரணம், அவளும் அவரிடம் கற்றுக்கொண்டவள்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் கோபம் வந்தது. செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டிஸ்க்கை இரண்டாம் கியரில் போட்டாள்.

பெட்டி விழித்துக்கொள்ள ஆறு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் இரண்டு தடவை அறைக்கு ஓடிவந்தாள். படிக்கட்டிலிருந்து கட்டிலுக்குப் பதினொரு எட்டு. ஒவ்வொரு தடவையும் அப்பாவின் கண் கதவிலிருந்து அவளோடு கட்டில்வரை வந்து, திரும்பக் கதவுவரை போயிற்று. விரல் தட்டிக்கொண்டிருந்தது. ஆனால் முன்னைவிட இடைவெளி விட்டு. நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினாள். எண்ணி முடித்ததும் கட்டிலின் அந்தப் பக்கத்தில் இருந்த நாற்காலியை நகர்த்தி, இடம் உண்டாக்கினாள். யாருக்கு அந்த இடம் என்று மகளுக்குப் புரிந்தது.

“நீ வந்து உக்காரு,” என்றாள் அம்மா. “சத்தம் வரலன்னா போகுது விடு.”

“வரும்மா. அஞ்சே நிமிஷம்.”

“காலைலேர்ந்து எத்தன அஞ்சு நிமிஷம்டி?”

அவள் படிக்குத் திரும்பினாள். அவர் வாயை அடைத்தது தான்தான் என்பதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

பெட்டி நல்ல டிஸ்க் மூன்றையும் பார்த்துவிட்டு, ஒன்று மற்ற இரண்டோடும் ஒத்துப்போகவில்லை, சேர்க்கமாட்டேன் என்றது. சில நிமிஷம் வெளியே இருந்துவிட்டு வந்ததற்கு அவ்வளவு ரோஷம். கட்டாயப்படுத்திச் சேர்க்கிற கட்டளையைக் கேபிள் அண்ணன் எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவள் எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லி அடித்தாள். ஓர் இடத்தில் எண் தப்பி, அழித்து, மறுபடி அடித்தாள். அனுப்புவதற்கு முன் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தாள்.

“சரி. அமுக்கு.”

அமுக்கினாள். சிவப்பு மஞ்சளாயிற்று. பெட்டிக்குள் டிஸ்க்குகள் கரகரவென்று வேலை செய்யும் சத்தம் கேட்டது. உள்ளே இருப்பது உருக்குலையாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் திறக்கும் என்றார் அண்ணன். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அரைமணியும் ஆகலாம், ஒருமணியும் ஆகலாம். நான்கு சதவீதம் என்றது திரை. ஐந்து. அவள் கண்ணிமைக்காமல் அதையே பார்த்தாள், தான் பார்க்காவிட்டால் அது நின்றுவிடும் என்பதுபோல. எட்டில் கொஞ்ச நேரம் நின்றது. ஒன்பது.

“இருக்கியா?” என்றார் அண்ணன் போனில்.

“இருக்கேன்.”

“என்ன பண்ற?”

“பாத்துட்டிருக்கேன்.”

“நீ பாத்தா அது வேகமா ஓடாது. அது அது வேலயப் பாக்கும். நீ போய் அப்பாகிட்ட உக்காரு.” கொஞ்சம் தயங்கினார். “எங்கப்பா போனப்ப நான் சர்வர் ரூம்லதான் இருந்தேன். அன்னைக்கு என்ன பழுதுன்னு இப்ப ஞாபகம்கூட இல்ல. போ.”

அவள் போனாள். நர்ஸ் நகர்த்திய நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவருடைய கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. உள்ளங்கையில், கியர் குமிழ் உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்த இடம் மட்டும் இன்னும் மெத்தென்று ஆகாமல் இருந்தது. அப்பா விரலை விடுவித்துக்கொண்டு வெள்ளைத் திரையின் மூலையைத் தொட்டார்.

“வந்துரும்பா,” என்றாள். “நான்தான் தப்பா ஒண்ண உருவிட்டேன். வந்துரும்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஒருமுறை. தெரியும் என்றாரா, சரி என்றாரா, சும்மா இமைத்தாரா, அவளுக்குத் தெரியவில்லை. அம்மா மறுபக்கம் உட்கார்ந்து ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். எதை உருவினாய் என்று கேட்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இப்போது இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் இழுத்தபிறகு அவர்களும் விட்டார்கள்.

பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு இருபது. போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் திரும்பத் திரும்ப சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் அடைத்துக்கொள்ளப்போகிறது, இவன் இப்படியே திருகிக்கொண்டிருந்தால் என்று வேறொரு நாளாக இருந்தால் அப்பா முகத்தாலேயே சொல்லியிருப்பார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குச் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் காணாமல் போயிற்று. ஆறு கட்டமும் திரையில் வந்து நின்றன.

அம்மா டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கி, அவர் விரலுக்கு வாகாகச் சாய்த்துப் பிடித்தாள். விரல் மூலைக்குப் போயிற்று. அடுத்த பக்கம். மறுபடி மூலை. அடுத்த பக்கம். அப்படியே போய்க்கொண்டே இருந்தது. உறவினர்கள் பக்கம், கடைப் பக்கம், சண்டைப் பக்கம், டாக்டர் பக்கம். எங்கே நிற்கப்போகிறது என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அம்மாவுக்கு ஏதாவது இருக்கும். தம்பிக்கு இருக்கும். ‘பத்திரமா இரு’ பதினேழாம் பக்கத்தில் இருந்தது, அதையும் தாண்டினார். நடுவில் ஒருமுறை விரல் நின்றது. நர்ஸ் முன்னால் குனிந்தாள். விரல் மறுபடி நகர்ந்தது.

கடைசிப் பக்கம். அதில் நான்கே நான்கு கட்டம். பட்டியலில் இல்லாதவை. பதிவு முடிந்த அன்று, இதையும் எடுத்துக்கொள், சும்மா கிடக்கட்டும் என்று அவர் தானாகச் சொன்ன வகுப்பு வார்த்தைகள். ‘கிளட்ச மெதுவா விடு.’ ‘கண்ணாடியப் பாரு.’ அதற்குப்பிறகு அந்தப் பக்கத்தை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை.

விரல் ஒரு கட்டத்தின் மேல் விழுந்தது. காலையில் சோதித்துப் பார்ப்பதற்காக அவள் சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தாள். பெல்ட்டின் ‘டக்’ அறைக்குள் ஓங்கி விழ, நர்ஸ் திடுக்கிட்டாள். பிறகு அப்பாவின் பழைய முழுக்குரல், தொண்டையில் ஒன்றும் ஆகாத நாளின் குரல்.

“பயப்படாத. என் காலும் பிரேக்ல தான் இருக்கு.”

முதல் நாள் வண்டியில் உட்காருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது. அவளுக்குப் பதினெட்டு வயதில், ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேர்த்து வழுக்கியபோது சொன்னதும் அதுதான்.

அப்பா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கதவுக்கும் கட்டிலுக்கும் அவள் ஓடிய ஓட்டத்தையெல்லாம் அந்தக் கண் பார்த்திருந்தது. இரண்டாம் தடவையும் அமுக்கினார். டக். “பயப்படாத. என் காலும் பிரேக்ல தான் இருக்கு.” அவள் முகத்தைக் கட்டிலின் விளிம்பில் வைத்து, வாய்விட்டு அழுதாள். அம்மா டேப்லெட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

மூன்றாம் தடவை அவர் அமுக்கவில்லை. இரண்டே காலுக்கு ஓர் இடைவெளி வந்தது. அவர்கள் பிடித்த மூச்சை விடாமல் காத்திருந்தார்கள். பிறகு நர்ஸ் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

தம்பி நாலரைக்கு வந்தான். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே வெகுநேரம் கட்டிலருகே நின்றான். அப்புறம் அக்காவைத் தேடிக்கொண்டு படிக்குக் கீழே வந்தான். அவள் முதலில் முந்நூற்றுப் பன்னிரண்டையும் தன் போனிலும் அம்மாவின் போனிலும் எடுத்து வைத்துவிட்டு, அவன் போனுக்குக் கை நீட்டினாள். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தான். அது ஏறி முடிந்தபிறகுதான், மேலே வலப்பக்கம் ‘3’ ஒட்டியிருந்த டிஸ்க்கைத் தொட்டாள். சீட்டில் கடைசி நாலு எண்ணைத் தம்பியை வாசிக்கச் சொன்னாள். நாற்பத்துநான்கு எழுபத்தொன்று. மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். உருவினாள். பெட்டி கத்தவில்லை.

அதிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி எடுத்துப் புதிய டிஸ்க்கின் மேல் ஒட்டினாள்.

“இது ரெண்டாவது இல்ல?” என்றான் தம்பி, பெட்டியின் வரிசையைப் பார்த்து.

“அப்பாவுக்கு மூணு,” என்றாள்.

அவன் பெட்டியைப் பார்த்தான். கொஞ்சம் கழித்து அவன் கையும் காற்றில் மேலே, கீழே, மேலே என்று போயிற்று. சிரிப்பான் என்று அவள் நினைத்தாள், அவன் சிரிக்கவில்லை. கடைசியில் அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். போனில் இருக்கிறது, கடைசிப் பக்கம், நாளைக்குக் கேள் என்றாள். புதிய டிஸ்க்கைச் செருகினாள். நிரம்புவதற்கு இருபத்துநான்கு மணி நேரம் என்றது திரை.

மறுநாள் காலை அப்பாவை ஏற்றிய வண்டி முன்னால் போயிற்று. தம்பி அதில் அவரோடு உட்கார்ந்துகொண்டான். பின்னால் பள்ளிக் காரை மகள் ஓட்டினாள். அவள் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றபோது, அம்மா அதைக் கவனிக்காதவள்போலச் சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போடத் தெரியாமல் இரண்டு தடவை தடுமாறினாள். டக்.

கடைத்தெருவில் வழக்கமான நெரிசல். முன்னால் போகிற வண்டியைத் தவறவிடக்கூடாது என்ற பதற்றத்தில் மகளின் கை ஸ்டியரிங்கில் வேர்த்தது. இருபது வருஷமாக ஓட்டுகிறாள். இன்றைக்கு ஒவ்வொரு ஸ்கூட்டரும் நேராக அவள்மேல் வருவதுபோல் இருந்தது. அம்மாவின் மடியில் இருந்த அவளுடைய போன் ஒருமுறை ஒலித்தது. அம்மா அதைத் தூரமாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

“அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கு.”

“சரிம்மா.”

“சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும்.”

சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் போன வண்டியும் அவர்களுக்கு முன்பாகவே நின்றது. அதன் பின்விளக்குகளைப் பார்த்துவிட்டு, போனை வாங்கக் கையை நீட்டியவள் கீழே பார்த்தாள். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். அவளுடைய வெறுங்கால் அந்த இன்னொரு பிரேக்கின் மேல் இருந்தது. மிதிக்கவில்லை, வைத்திருந்தாள்.

பச்சை விழுந்தது. மகள் போனை வாங்காமல், கையைத் திருப்பி, கியரை இடப்பக்கம் மேலே தள்ளினாள்.